துணை என்ற கட்டத்தில் அப்பா எழுதிய பெயர்

இசக்கியம்மன் துணை

தென்காசி
12.7.2025, சனிக்கிழமை

அன்பு மகன் இசக்கிராஜாவுக்கு உன் அம்மா தங்கத்தாய் எழுதிக்கொள்வது. நாங்கள் மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே உயிரோடு இருக்கிறோம், அந்த மட்டுக்கும் ஆத்தாளுக்கு நன்றி. சுகமாக இருக்கிறோம் என்று தொடங்கத்தான் வடிவு பேனாவை வைத்தாள், நான்தான் அந்த வார்த்தை வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். நீ அங்கே உயரத்தில் மூச்சுத் திணறல் இல்லாமல், நெஞ்சில் சளி கட்டாமல் இருக்கிறாயா என்று முதலில் எழுது. நான் சொல்லச் சொல்ல உன் தங்கை முத்துவடிவு எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே எழுதாதே, படிக்கிறவன் பட்டாளத்தில் நாலு பேர் நடுவில் பிரித்துப் படிப்பான், நல்ல தமிழில் எழுது என்று சொல்லியிருக்கிறேன். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டாலும் அவள் கையெழுத்து உனக்குத் தெரியுமே. பேசுவதற்குத்தான் அவளுக்கு வாய் வராது. பதினேழு வயதாகியும் கடைக்கு அனுப்பினால் வேண்டியதைச் சீட்டில் எழுதி நீட்டிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். போனில் சொல்லலாம் என்றால் நீ மேலே போஸ்டில் இருக்கும்போது சிக்னல் கிடைப்பதில்லை, கிடைக்கிற அன்றைக்கு உன் அப்பா ஸ்பீக்கரில் போடு என்று பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். அவரைப் பற்றிய விஷயத்தை அவர் முன்னால் எப்படிச் சொல்வது, அதனால்தான் கடிதம்.

இங்கே சாரல் நன்றாக விழுகிறது. குற்றாலத்தில் மெயின் அருவியில் இரண்டு நாள் குளிக்க விடவில்லை, அவ்வளவு தண்ணீர். ஈரத்தில் பீடி இலை பதம் கெட்டு, நானும் வடிவும் ஆளுக்கு அறுநூறுகூடச் சுற்ற முடியவில்லை. பக்கத்து வீட்டு ஜாஹிரா பீவியின் மகன் அல்தாப் சவுதியில் தமாமிலிருந்து லீவில் வந்திருக்கிறான், உனக்கென்று ஒரு நல்ல டார்ச் லைட் கொடுத்திருக்கிறான், எடுத்து வைத்திருக்கிறேன். இதெல்லாம் சொல்லிவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வரலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் மனது நிற்கவில்லை ராஜா. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நீ பதறாமல் கடைசி வரைக்கும் படி.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துச் சங்கிலிப்பாண்டி ஸ்கூட்டரில் வந்தார். உன் அப்பாவுக்குப் பின்னால் பட்டாளத்தில் சேர்ந்தவர், உனக்கும் ஆள்சேர்ப்புக்கு ஓடப் பழக்கிவிட்டவர், நீ மறந்திருக்க மாட்டாய். ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிற பஸ் செலவை அரசாங்கத்திடம் திரும்ப வாங்குவதற்குச் சங்கத்தில் தமிழில் ஒரு படிவம் அச்சடித்து வைத்திருக்கிறார்கள், அதை நம் ஆட்கள் தமிழில் நிரப்பிக் கொடுத்தால் இவர் இங்கிலீஷ் படிவத்தில் எழுதி அனுப்பிவைக்கிறார். வாசலில் நின்றபடியே, “மைனி, அண்ணாச்சி வண்டி ஓட்டும்போது போன எடுக்க மாட்டாவ, அதான் நேரா வந்துட்டேன். மதுரைக்குப் போய் வந்த பஸ் சார்ஜ் பேப்பரு திரும்பி வந்திருக்கு. கூடப் போன இசக்கியம்மாளோட ஆதார் ஜெராக்ஸ் வேணுமாம், வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும். அவிய வீடு எங்கன இருக்கு?” என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்த இசக்கியம்மாள் என்றேன். “அதான் மைனி, மூணு தடவையும் அண்ணாச்சிக்குத் துணைக்கு மதுரைக்குப் போனவிய. நான் உங்க தங்கச்சின்னுல்லா நெனச்சேன்” என்றார். எனக்குத் தங்கையே கிடையாது என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த படிவ நகலை வடிவிடம் கொடுத்தார், “நான் அண்ணாச்சிட்டயே கேட்டுக்கிடுதேன், டீ ஒண்ணும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை நம் வாசலிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டார். நான் டீ போடுவதாகச் சொல்லவே இல்லை.

உன் அப்பா மதுரைக்குப் போனதே எனக்குத் தெரியாது. மே மாதத்திலிருந்து மூன்று வியாழக்கிழமை வெளியூர் போனார், மூன்று தடவையும் திருநெல்வேலி பாலிகிளினிக்கில் சுகர் பார்க்கப் போகிறேன் என்றுதான் சொன்னார். திரும்பி வரும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார், கேட்டதற்குக் குற்றாலத்தில் சீசன் கடையில் மலிவாகக் கிடைத்தது என்றார். வந்த அன்றைக்கு யார் முகத்தையும் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இதையெல்லாம் அந்த வாசலில் நின்றபடி ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற ஜாஹிரா, “ஏக்கா, பட்டாளத்து அண்ணன் மீசைக்கு மை அடிக்கும்போதே நான் நெனச்சேன், கூலிங் கிளாஸும் வந்துட்டுன்னா பிறவு என்ன பாக்கி” என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொன்னாள், எனக்கு அது விளையாட்டாக இல்லை. இருபத்தேழு வருஷம் குடும்பம் நடத்தியதெல்லாம் கண் முன்னால் வந்து நின்றது.

சாயங்காலம் உன் அப்பா பிள்ளைகளை இறக்கிவிட்டு, தான் ஓட்டுகிற பள்ளிக்கூட வேனோடு வந்தார். படி ஏறவிடாமல், இசக்கியம்மாள் யார் என்று சொல்லிவிட்டு உள்ளே வாருங்கள் என்று மறித்தேன். முதலில் திருதிரு என்று விழித்தார். பிறகு சங்கிலிப்பாண்டி வந்து போனதைச் சொன்னதும் வேனில் சாய்ந்துகொண்டு சிரித்தார் பார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “ஏட்டி கோட்டிக்காரி, அது நம்ம ஆத்தாட்டீ. படிவத்துல துணைன்னு பெருசா போட்டிருந்துச்சு. காயிதம் எழுதும்போது மேல போடுதோம்லா, அதுமாதிரின்னு நெனச்சு இசக்கியம்மன்னு எழுதிட்டேன். அந்தச் சங்கிலிப்பய அதப் பொம்பளையாக்கி மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிட்டான்” என்றார். மதுரை எதற்கு என்றதற்குப் பெரிய சுகர் டாக்டர் அங்கேதான் இருக்கிறார், நீ பயப்படுவாய் என்று சொல்லவில்லை என்றார். ராஜா, உனக்கே அந்தத் தாய் பெயரைத்தானே வைத்திருக்கிறோம், எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று. ஜாஹிரா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், “அரசாங்கத்துல அம்மனுக்கே பஸ் சார்ஜ் கேட்ட மொத ஆளு எங்க அண்ணன்தான்” என்றாள். நானும் சிரித்தேன். ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

சிரிக்காமல் நின்றது வடிவு மட்டும்தான். அவள் அந்த நகலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். துணை என்ற பெரிய எழுத்துக்குப் பக்கத்திலேயே உடன் வருபவர் பெயர், வயது, உறவு என்று சின்ன எழுத்தில் அச்சடித்திருந்தது. அப்பாவின் எழுத்து ஒரு கட்டத்திலும் இல்லை. பெயர் கோட்டுக்கு மேல் ஏறி, ஊர் பேர் அடுத்த வரியில் சரிந்து, தேதி போடுகிற இடத்தில் போன் நம்பர் கிடந்தது. உன் அப்பா எழுத்து எப்படி இருக்கும், ஸ்கேல் வைத்த மாதிரி இருக்கும். இந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா, ஒரு வார்த்தை பேசாமல் அந்தத் தாளைத் தலைகீழாகத் திருப்பி அவர் கையில் கொடுத்தாள். இதில் தேதி சரியாக இருக்கிறதா பாருங்கள் அப்பா என்று மெல்லக் கேட்டாள். அவர் தாளைத் தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார், “எல்லாம் சரியாத்தான் இருக்கு, மிலிட்டரிக்காரன் எழுத்துல தப்பு வருமாட்டீ” என்று சொல்லி அப்படியே தலைகீழாகவே மடித்துக் கொடுத்தார். ராஜா, சிரித்துக்கொண்டிருந்த ஜாஹிரா வாயைப் பொத்திக்கொண்டாள். திருப்பிப் பிடித்திருக்கிறீர்கள் என்று நான்தான் சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றிப் படியோரம் விட்டார். பிறகு, வயதானால் பொடி எழுத்து எல்லாருக்கும்தான் தெரியாது, கண்ணாடி மாற்ற வேண்டும், தூரத்துப் பார்வை எனக்குக் கழுகு மாதிரி என்று சத்தம் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நானும் அதை நம்பிவிட்டேன். வண்டி ஓட்டுகிறவருக்குத் தூரம் தெரிந்தால் போதும் என்று என் மனதை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

புதன்கிழமை காலையில் வழக்கம்போல ஏழு மணிக்கு வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகு வடிவு அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டியைத் திறந்து, அடியில் யூனிஃபார்முக்குக் கீழே இருந்த ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்தாள். எல்லாம் இங்கிலீஷ். எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, கண் படம் போட்டிருக்கிறது அம்மா என்றாள். மெடிக்கல் ஸ்டோரில் இருக்கிற ஜெயசித்ராவிடம் ஓடினோம். அந்தப் பெண் படித்துவிட்டு எங்களை ஸ்டூலில் உட்காரச் சொன்னாள். சுகர் கூடிக் கூடி அப்பாவின் இரண்டு கண்ணுக்குள்ளும் ரத்தம் கசிந்திருக்கிறதாம். இடது கண்ணில் நிழல் மட்டும்தான் தெரியுமாம், வலது கண்ணில் பாதிதானாம். மூன்று தடவையும் கண்ணுக்கு உள்ளேயே ஊசி போட்டிருக்கிறார்கள், அந்தக் கறுப்புக் கண்ணாடி அதற்குத்தான் கொடுத்தது. வண்டி ஓட்டக் கூடாது, அடுத்த முறை கட்டாயம் துணையோடு வர வேண்டும் என்று ஒவ்வொரு சீட்டிலும் டாக்டர் எழுதியிருக்கிறார். ஊசி போட்ட கண்ணோடு மதுரை பஸ் ஸ்டாண்டில் போகிறவர் வருகிறவரிடம், தென்காசி வண்டி எது என்று கேட்டுக் கேட்டு ஏறி வந்திருக்கிறார் மகனே. ஜெயசித்ரா அந்த வரியைப் படிக்கும்போது மணி எட்டேகால். அந்த நேரத்தில் பதினான்கு பிள்ளைகள் அவர் வேனில் இருந்தார்கள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஜாஹிராவின் பேத்தி ஷஹானா அந்த வேனில்தான் போகிறாள், இரண்டாம் வகுப்பு. நாங்கள் பதறிக்கொண்டு ஓடி வந்ததைப் பார்த்து ஜாஹிரா என்னவென்று கேட்க, அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குக் காய்ச்சல், வீட்டில்தான் இருந்தது, அது கட்டிலில் படுத்தபடியே சொல்கிறது, “நான் போவாட்டா டிரைவர் தாத்தாவுக்குக் கஷ்டம்லா” என்று. ஏன் என்றோம். “நான்தான் முன் சீட்டு. ஆள் நிக்காவளான்னு எங்கிட்டதான் கேப்பாவ. நான் ரைட்டுன்னா போவாவ, ஸ்டாப்புன்னா நிப்பாவ. நான் தாத்தாவுக்குத் துணை” என்று பெருமையாகச் சொன்னது. ஏழு வயதுப் பிள்ளை. போன மாதம் இலத்தூர் விலக்கில் வேன் கண்ணாடி உடைந்தபோது, பாவூர்சத்திரத்துக் காய்கறி லாரி உரசிவிட்டது என்று உன் அப்பா சொன்னாரே, அது லாரி இல்லையாம், பாலத்துக் கல்லாம். அன்றைக்கு இந்தப் பிள்ளை ரொட்டி தின்றுகொண்டிருந்ததில் சொல்ல மறந்துவிட்டதாம். ஜாஹிரா அந்தப் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அல்தாப் பைக்கை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு, எல்லாப் பிள்ளைகளும் பத்திரமாக இறங்கிவிட்டார்கள் என்று போன் பண்ணிய பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. சாயங்காலம் அவனே வேனை ஓட்டிப் பிள்ளைகளை வீட்டில் கொண்டுபோய் விட்டான்.

உன் அப்பா வீட்டுக்கு வந்ததும் நான் சாவியை வாங்கிப் பீடி இலைச் சாக்குக்குள் போட்டுவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். “இருவது வருசம் பனியில வண்டி ஓட்டுனவன். ஒரு கீறல் உண்டா எம்மேல? அந்தப் பிள்ளையளுக்கு இன்னைய வரைக்கும் ஒரு சிராய்ப்பு உண்டா?” என்று மட்டும் கேட்டார். இனிமேல் உண்டானால் என்ன செய்வீர்கள் என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வேன் முதலாளி மன்சூரிடம் காய்ச்சல் என்று சொல்லி வியாழன், வெள்ளி இரண்டு நாள் சமாளித்துவிட்டோம், அல்தாப்பும் உண்மையை வெளியே சொல்லவில்லை. திங்கட்கிழமை நான் போவேன், சாவியை எடுத்து வை என்று நேற்று சுவரைப் பார்த்துச் சொன்னார். நான் எடுத்து வைக்க மாட்டேன் ராஜா. ஆனால் மன்சூரிடம் போய் என் புருஷனுக்குக் கண் தெரியவில்லை என்று சொல்லவும் எனக்கு நாக்கு வரவில்லை. அந்த மனிதர் தன் வாயால் சொல்ல வேண்டும். நான் சொன்னால் தன்னை ஊருக்கு முன்னால் குருடனாக்கிவிட்டதாகத்தான் நினைப்பார். நீ பேசும்போது அவரைத் திட்டாதே. அவர் ஆசையாகச் சொல்கிற பட்டாளத்து வண்டிக் கதையைக் கேட்டுவிட்டு, மெதுவாக, நீங்கள் மன்சூரிடம் உள்ளதைச் சொல்லாவிட்டால் நான் இங்கே நிம்மதியாகக் காவல் நிற்க முடியாது அப்பா என்று மட்டும் சொல். நீ சொன்னால் கேட்பார்.

நீயும் உன் கண்ணைச் சோதனை பண்ணிக்கொள், சுகர் பார்த்துக்கொள், நம் குடும்பத்தில் இருக்கிறது. கையுறை இல்லாமல் துப்பாக்கியைத் தொடாதே. முன்னால் பார்சலில் அனுப்பிய லட்டு டப்பாவைக் கூட இருக்கிற பையன்களுக்கும் கொடு, தனியாக வைத்துத் தின்னாதே. இசக்கித் தாய் உன் தலைக்கு மேல் கை வைத்துக் காப்பாள், நீ எங்கே நின்றாலும் அங்கே அவள் ஒரு அடி முன்னால் நிற்பாள். பதில் எழுதும்போது அப்பா பெயருக்கே எழுது, கவரைப் பிரிக்கிறது நாங்களாக இருந்தாலும் மேலே அவர் பெயர் இருக்கட்டும்.

உன் அம்மா
தங்கத்தாய்

அண்ணே, இனி எழுதுவது வடிவு. அம்மா கவரும் பசையும் வாங்க ஜாஹிரா மாமி வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். நான் கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தபோது அப்பா உள்ளேயிருந்து வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். “அண்ணனுக்காட்டீ? படி, கேப்போம்” என்றார். வேறு ஏதாவது படித்துவிடலாமா என்று நினைத்தேன். அவருக்குத் தெரியவா போகிறது என்று ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது, அப்படித் தோன்றியதே எனக்கு அழுகையாக வந்தது. அதனால் ஒரு எழுத்து விடாமல் முழுவதும் படித்தேன். நான் இவ்வளவு நேரம் சத்தமாகப் பேசியது பள்ளிக்கூடத்தில்கூடக் கிடையாது. தாளைத் திருப்பிக் கொடுத்த இடத்தையும் படித்தேன். ஷஹானா சொன்ன இடம் வந்ததும் அப்பா, அதை இன்னொரு தடவை படி என்றார். படித்தேன். ரொட்டி தின்ற வரியில் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்புறம் மன்சூர் மாமாவுக்குப் போன் போட்டுக் கொடுக்கச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். “மன்சூரு, திங்கக்கிழமைக்கு வேற டிரைவர் பாத்துக்கோ. காய்ச்சல் ஒண்ணும் இல்லப்பா. எனக்குக் கண்ணு தெரியல” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பக்கம் மன்சூர் மாமா என்ன சொன்னார் என்று தெரியாது, அப்பா ரொம்ப நேரம் சரி சரி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு, அண்ணனுக்கு இதையும் எழுது, இல்லாவிட்டால் அவன் அங்கே தூங்க மாட்டான் என்றார்.

பிறகு புதுப் படிவம் ஒன்று எடுத்து வந்தார். வருகிற புதன்கிழமை மதுரையில் நாலாவது ஊசி. அவர் சொல்லச் சொல்ல நான் நிரப்பினேன், எல்லாம் கட்டத்துக்குள். துணை என்ற இடம் வந்ததும் என்ன எழுத என்று கேட்டேன். “ஆத்தா பேர எழுதாண்டாம், அவளுக்கு ஆதார் கிடையாது” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். கொஞ்சம் கழித்து, உன் பெயரை எழுது என்றார். நான் தென்காசி பஸ் ஸ்டாண்டைத் தாண்டி எங்கேயும் போனதில்லை, டாக்டரிடம் பேச வேண்டும், கண்டக்டரிடம் கேட்க வேண்டும், இதையெல்லாம் நினைத்தால் இப்போதே கை வேர்க்கிறது. ஆனாலும் எழுதிவிட்டேன். பெயர், வயது பதினேழு, உறவு மகள். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நாங்கள் மதுரைக்குப் போய்த் திரும்பியிருப்போம். பஸ் போர்டை நான் படித்திருப்பேன்.

இப்படிக்கு
கு. முத்துவடிவு
துணை